மோருக்காக நிற்கும் அணைக்கதவு

பங்குனி பிறந்த கையோடு கிஷோர் போன் பண்ணினான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சின்ன மின்நிலையத்தில் இப்போது அவன்தான் அணைக்குப் பொறுப்பு. தூரத்துச் சொந்தம். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரன்.

"மாமா, கதவுல ஒரு கோளாறு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சு எடுத்தேன்."

தெமோதரையில் மகள் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். கோளாறு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். ஓய்வு கொடுத்தவர்கள் இந்தப் பழக்கத்துக்கு ஓய்வு கொடுக்க மறந்துவிட்டார்கள்.

அவன் சொன்னது இது. அணைக்கதவை இப்போது யாரும் கையால் சுற்றுவதில்லை. மோட்டர் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் சொல்கிறபடி அது ஏற்றி இறக்கும். கோயில் திருவிழா நாளுக்கென்று அதில் தனியாக ஓர் ஒழுங்கு இருக்கிறது. கதவு கொஞ்சம் இறங்கும், நிற்கும். மறுபடி கொஞ்சம் இறங்கும், நிற்கும். அதுவரைக்கும் அவனுக்குப் புரிகிறது. ஆனால் முக்கால்வாசி இறங்கிய பிறகு ஓர் இடத்தில் மட்டும், மற்ற எல்லா இடத்தையும்விட நெடுநேரம் சும்மா நிற்கிறது. புதிதாக வந்திருக்கும் பொறியாளர், இது யாரோ விட்ட பிழை, எடுத்துவிடலாம் என்கிறார்.

"எடுத்துடவா மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பிழை இல்லப்பா. அது மோர்" என்றேன்.

மாமாவுக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பான். ஆனாலும், "நேர்ல வந்து சொல்லுங்க மாமா, இங்க மத்த பசங்களும் கேக்கட்டும்" என்றான். பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். அங்கே நடுநடுவே டீ வந்தது, கேள்வி வந்தது, பாதிக் கதை எங்கேயோ போய்விட்டது. அதனால் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது அணைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்ற பிரிவின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். கொஞ்ச காலம் விடியற்காலைப் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்து மலைக்கு வேலைக்குப் போனேன். ஆற்றை மறித்து மின்நிலையம் கட்டுகிறார்கள், கல் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனவன் அப்படியே ஒட்டிக்கொண்டேன். கல் தூக்கினேன், வாய்க்காலில் சேறு அள்ளினேன், இரும்புக்கு கிரீஸ் பூசினேன். கடைசியில் கதவுச் சக்கரம் என் கைக்கு வந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

அணை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். லயத்துக் கூரை உயரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர், நடுவில் ஓர் இரும்புக் கதவு. சுவரில் தேங்கும் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக மலையோரமாகப் போய், குழாயில் விழுந்து, கீழே மின்நிலையத்துச் சக்கரத்தைச் சுற்றவைத்துவிட்டு மறுபடி ஆற்றில் சேரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவருக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் பழைய ஆறு ஒன்று கிடக்கிறதே, அது என்ன ஆவது? எல்லாத் தண்ணீரும் வாய்க்காலில் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது கல்தான். அந்த வளைவில்தான் எங்கள் கீழ்க்கணக்கு லயங்கள், மாரியம்மன் கோயில், ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலிக் குழாய் எல்லாம் இருந்தன.

கட்டி முடித்த முதல் கோடையிலேயே பீலி நின்றுவிட்டது. பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டு ஊற்றுக்கு ஏறினார்கள். ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர் கேட்டார். கோயில் கமிட்டி கேட்டது. மின்நிலையக் கம்பனியில் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமைப் பல வருடம் பார்த்தோம்.

பிறகு ஒரு நாள் தண்ணீர் வந்தது. எங்களுக்காக இல்லை, மீனுக்காக.

வெள்ளைக்காரன் காலத்தில் மேலே ஒஹியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் என்று ஒரு மீனைக் கொண்டு வந்து விட்டிருந்தார்கள். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில்தான் அது வாழும். துரைமார் மட்டும் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள் என்பதால் எங்கள் ஆட்கள் அதைத் தொரமீன் என்பார்கள். எங்கள் ஆற்றிலும் ஒரு காலத்தில் இருந்ததாம். மறுபடி அதை வளர்க்க மீன் கந்தோர், அதாவது அரசாங்க மீன் அலுவலகம், விரும்பியது. கம்பனியும் நல்ல பெயர் கிடைக்குமே என்று ஒத்துக்கொண்டது. நிபந்தனை ஒன்றுதான்: அந்த மீன் இருக்கும்வரை பழைய ஆற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓட வேண்டும். மறுநாளே கதவைச் சிறிது தூக்கி வைக்க உத்தரவு வந்தது. நான்தான் தூக்கினேன்.

மனிதன் கேட்டுக் கிடைக்காதது மீன் கேட்டுக் கிடைத்தது என்று எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டில் போய்க் கத்தினேன். என் மனைவி மீனாட்சி குடத்தைக் கழுவிக்கொண்டே, "யாரு பேரைச் சொல்லி வந்தா என்னங்க, பீலில தண்ணி வருதுல்ல. கத்துறத விட்டுட்டு அந்த அண்டாவையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். அண்டாவை எடுத்துக்கொண்டு போனேன்.

நிபந்தனைக்கு ஒரு வால் இருந்தது. விட்ட மீன் வளர்ந்தால் மட்டும் போதாது, அது ஆற்றில் தானாகவே குஞ்சு வைத்துப் பெருக வேண்டும். வருடா வருடம் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்க முடியாது என்றது மீன் கந்தோர். ஒரு தடவை விட்டார்கள். வளர்ந்தது, குஞ்சு இல்லை. இன்னொரு தடவை விட்டார்கள். அதே கதை. மூன்றாவதாக விட்டபோது, இதுதான் கடைசி என்றார்கள். இதுவும் பெருகவில்லை என்றால் மீன் திட்டம் முடிந்தது. மீன் முடிந்தால் தண்ணீரும் முடிந்தது. கீழ்க்கணக்கில் அதைக் கணக்குப் போடத் தெரியாத ஆள் கிடையாது.

அந்த நேரத்தில்தான் குணதாச மாத்தயா, அதாவது குணதாச ஐயா, எங்கள் மின்நிலையத்துக்குப் பெரியவராக வந்தார். என் வயதுதான் இருக்கும். வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், எதற்கும் கடைசியில் ஒரு தானே போடுவார். ஆற்றைப் பற்றி என்ன பேச்சு எழுந்தாலும் ஆபீசில் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார். கரைக்கு வருவார். ஒரே கல்லில்தான் உட்காருவார். சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நிற்பார். கால் விறைத்த பிறகுதான் வாய் திறக்கும். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைப்பார். காய்ந்த கையால் தொட்டால் அதன் மேலே இருக்கிற வழவழப்பு கழன்றுவிடும், பிறகு அது பிழைக்காது என்பார். எங்களையும் நனைக்கச் சொல்லுவார். மறந்தால் திட்ட மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வழக்கமாகத் தங்கராசு என்று கூப்பிடுகிறவர் "தங்கராசு அவர்களே" என்றால், எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் என்று இருக்கும்.

முதலில் அவர் செய்தது எங்களைச் சரளைக் கல் சுமக்க வைத்தது. பெண் மீன் வாலால் சரளையைத் தள்ளிக் குழி பறித்து அதில்தான் முட்டையை வைத்து மூடும். ஆறு தன்பாட்டில் உருட்டிக்கொண்டு வரும் சரளையை எங்கள் சுவர் தடுத்துவிட்டது, கீழே பெரிய கல்லும் சேறும்தான் மிஞ்சின. அதனால் சுவருக்கு மேலே குவிந்து கிடந்ததை அள்ளி, கழுவி, கூடையில் சுமந்து சுவருக்குக் கீழே கொட்ட வேண்டும். சேற்றோடு கொட்டினால் முட்டை மூச்சு முட்டிச் செத்துப் போகும் என்று ஒவ்வொரு கூடையையும் அவரே பார்த்தார். ஆற்றுக்குக் கல் கொண்டுபோகிறார்கள் என்று மலையிலிருந்து பெண்கள் சிரித்தார்கள். என் பெண்டாட்டியும் அதில் ஒருத்தி.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, மாத்தயா என் தோளைத் தொட்டுக் கை காட்டினார். நாங்கள் கொட்டிய சரளையில் ஒரு தொரமீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலை அடித்துக்கொண்டிருந்தது. அந்த இடம் மட்டும் கழுவிய பாத்திரம்போல் பளிச்சென்று இருந்தது. மாசி முடிவில் கரையோரத்து அசையாத தண்ணீரில் நகத்தளவு குஞ்சுகள் தெரிந்தன. அவற்றுக்கு இன்னும் எதிர்நீச்சல் போடத் தெம்பு கிடையாது, அதனால் ஓரத்திலேயே ஒதுங்கிக் கிடந்தன. அன்றைக்கு மாத்தயா மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

சித்திரையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. மாசியில் இருந்தது, சித்திரையில் இல்லை. மேலே உருளைக்கிழங்குத் தோட்டத்து மருந்தாக இருக்குமோ என்று பார்த்தோம். சோப்புத் தண்ணீராக இருக்குமோ, மீன்கொத்தியாக இருக்குமோ என்றும் பார்த்தோம். எதுவும் பொருந்தவில்லை. மருந்து என்றால் பெரிய மீனும் செத்திருக்க வேண்டுமே.

நடுவில் பங்குனி இருக்கிறது. பங்குனியில் எங்கள் மாரியம்மன் திருவிழா.

திருவிழா அன்று காலையில் பூசாரி ஆற்றுக்கு வந்து கரகப் பாறையில் நின்று குடத்தில் தண்ணீர் மொள்ளுவார். அங்கேயே அந்தக் குடத்தைக் கரகமாகப் பாலித்து, பூ அலங்காரம் செய்து, தலையில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு லயமாக நின்று நின்று கோயிலுக்குப் போவார். ஆறு காய்ந்து கிடந்த வருடங்களில் இதற்கு மட்டும் தண்ணீர் விடக் கம்பனி சம்மதித்திருந்தது. கீழே தப்பு மேளம் முழங்கியதும் நான் கதவை ஒரேயடியாகத் தூக்குவேன். தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கும். அந்த இரைச்சலைக் கேட்டதும் பெண்கள் குலவை போடுவார்கள், ரெண்டு பேருக்காவது சாமி வந்துவிடும். அம்மனே ஆற்றில் வருகிறாள் என்பார்கள். கரகம் பாறையை விட்டு ஏறியதும் கதவை ஒரேயடியாக இறக்கிவிட வேண்டும், அது கம்பனிச் சட்டம். இறக்கிவிட்டுக் கோயிலுக்குப் போனால் எனக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பெருமையாகத்தான் இருக்கும். மீனுக்காகத் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகும், அது மெல்லிய ஓட்டம், குடம் முங்காது என்று இந்த வழக்கம் தொடர்ந்தது.

திருவிழாவுக்கு மறுநாள் காலையில் காகம் கூட்டம் கூட்டமாக வரும். அன்னதானம் போட்ட எச்சில் இலைக்கு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மன் சாப்பாட்டுக்குக் காக்கைகூடச் சொந்தக்காரனைக் கூட்டிக்கொண்டு வருது என்று பூசாரி சின்னையா ஒவ்வொரு வருடமும் சொல்லுவார், நாங்களும் ஒவ்வொரு வருடமும் சிரிப்போம்.

மூன்றாம் வருடத் திருவிழாவுக்கு மறுநாள் நான் ஆற்றோரமாக நடந்து அணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காகங்கள் கரகப் பாறைக்குக் கீழே தட்டைக் கல்பரப்பில் இருந்தன. இலை போடுகிற குழி கோயிலுக்குப் பின்னால், அங்கிருந்து நல்ல தூரம். அந்தக் கல்லில் சோறு ஏது? இத்தனை வருடமாக இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை, காரணம் பதில் எங்களிடம் முன்கூட்டியே இருந்தது. இறங்கிப் போனேன். காகங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து என்னைத் திட்டின.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ளங்கை அளவு குழிகளில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. குழிக்குழியாக மீன்குஞ்சு. பாதி செத்துக் காய்ந்திருந்தன, மீதி வாயைத் திறந்து திறந்து மூடின. கையை நனைத்துக்கொண்டு அள்ளி அள்ளி ஆற்றில் விட்டேன். அழுகை வந்துவிட்டது. மீனுக்காக அழுதேனா, பீலிக்காக அழுதேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மாத்தயா வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். தண்ணீரில் நின்று மேலே கதவையும் கீழே கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் ஏறியதும் குஞ்சுகள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கல்பரப்புக்கு வந்திருக்கின்றன. தண்ணீர் திடீரென்று இறங்கியதும் திரும்பிப் போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்டன. ஒரு மார்கழி முழுக்கப் பட்ட பாடு ஒரு காலைவேளையில் காகத்துக்குப் போய்விட்டது. முன்னே இரண்டு பங்குனியும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். வேண்டுமென்று செய்தவர் யாரும் இல்லை. சாமிக்கு இரைச்சல் வேண்டும், கம்பனிக்குத் தண்ணீர் வேண்டும், ரெண்டு பேருக்கும் அவசரம்.

கம்பனியில் சொன்னதும் பதில் சுலபமாக வந்தது: இனித் திருவிழாவுக்குத் தண்ணீர் கிடையாது. மாத்தயா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கராசு அவர்களே, தண்ணி இல்லன்னு நான் சொன்னா உங்க ஆள் இந்த மீனை என்ன செய்வாங்க?"

"கொழம்பு வச்சிருவாங்க மாத்தயா."

"அப்ப அது சரி வராது தானே" என்றார். சாயங்காலம் கோயில் கமிட்டியிடம் பேச வேண்டும், கேட்டுச் சொல் என்றார்.

கோயில் மண்டபத்தில் அவருக்கு நாற்காலி போட்டோம். அவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் உண்டு, ஆனால் விடியும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து நிரப்ப வேண்டும், மூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மூட வேண்டும் என்றார். இரைச்சல் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பூசாரி சின்னையா தலையை ஆட்டினார். "அம்மன் வர்றப்ப சத்தமாத்தான் வருவா. திருட்டுத்தனமா வரச் சொல்றீங்களா?"

பின்னால் இருந்து ஒருத்தர், "வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்ட மீனுங்க அது. இந்த ஊரு மீனே இல்ல. அதுக்காக நம்ம சாமி காத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நம்மளையும் அவன்தான்யா கொண்டாந்து விட்டான். இந்த ஊரு ஆளு இல்லன்னு நம்மள சொன்னப்ப ஒனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். மாத்தயா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனாட்சிதான் பேச்சைக் கீழே இறக்கினாள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். "பூசாரி அண்ணே, அந்த மீனு செத்தா பீலி நிக்கும். மறுபடி நாங்கதான் மேட்டுக்கு ஏறணும், நீங்க யாரும் ஏறப் போறதில்ல. சத்தம்தானே வேணும், நாங்க கொலவ போடுறோம். தண்ணி போடுற சத்தத்த விடக் கூடவே போடுவோம்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். பூசாரியின் மனைவியும் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரு சிக்கல். கதவு அணையில், குஞ்சுகள் கீழே, நடுவில் பனி. எப்போது இறக்குவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எனக்கு எப்படித் தெரியும்? போன் அங்கே பிடிக்காது. அப்போது தப்பு அடிக்கும் கருப்பையா சொன்னார்: "கரகம் வாசலுக்கு வாசல் நிக்கிறப்ப நாங்க அடியை மாத்தித்தானே அடிக்கிறோம். அது அணை வரைக்கும் கேக்கும். அடி மாறுறப்ப ஒரு சுத்து சுத்துங்க, நடக்கிறப்ப கைய எடுத்துருங்க. கரகம் கோயிலுக்குப் போறதும் கதவு மூடுறதும் ஒண்ணா முடியும்."

மாத்தயா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மன் நடக்கிற வேகத்தில் ஆறு இறங்கும் என்றால் பூசாரிக்கும் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் அவரே அதைத் தன் யோசனைபோல் எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அடுத்த பங்குனித் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மீன் கந்தோரிலிருந்து நிலூக்கா என்ற அதிகாரி வந்தார். கடைசித் தீர்ப்பு அவர் கையில். வலை போட்டுப் பார்த்தார். பெரிய மீன்கள் கிடைத்தன, குஞ்சு கிடைக்கவில்லை. கல்லுக்கடியில் ஒளிந்திருக்கிற நகத்தளவு குஞ்சை வலையில் எப்படிப் பிடிப்பது? "நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்" என்றார். அவர் மேல் தப்பில்லை. மாத்தயா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போங்கள்.

அன்றைக்கு விடியும் முன்னே கதவைத் திறக்கத் தொடங்கினேன். ஒரு சுற்று, பிறகு காத்திருப்பு. தண்ணீர் எந்தச் சத்தமும் போடாமல் ஏறியது. வெளிச்சம் வந்தபோது கரகப் பாறையின் அடிவரைக்கும் நிரம்பியிருந்தது. கதவை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். கரகம் பாலிக்க எப்படியும் நேரம் எடுக்கும், அதற்குள் திரும்பிவிடலாம்.

தப்பு முழங்கியது. இரைச்சல் இல்லாத ஆற்றைப் பார்த்துக் கூட்டம் ஒரு நிமிடம் தடுமாறி நின்றது. மீனாட்சி முதல் குலவையைப் போட்டாள். பிறகு எல்லாப் பெண்களும் போட்டார்கள். என் காது அடைத்துவிட்டது. பூசாரி பாறையில் குனிந்து, ஓரத்துத் தண்ணீரில் குடத்தை முக்கித் தூக்கினார். தூக்கியவர் குடத்துக்குள் பார்த்தபடி அப்படியே நின்றார்.

கருப்பையாவின் கை நின்றது. குலவை நின்றது. அபசகுனமோ என்று பயந்து பாறைப் பக்கம் போனேன்.

"தங்கராசு" என்றார் பூசாரி. "அம்மன் தனியா வரல. புள்ளகுட்டியோட வந்திருக்கா."

எட்டிப் பார்த்தேன். பித்தளைக் குடத்துக்குள் நகத்தளவு குஞ்சுகள், கொத்தாக, ஒரே பக்கம் தலை வைத்து நீந்திக்கொண்டிருந்தன. நிலூக்கா செருப்போடு தண்ணீரில் இறங்கி வந்தார். குடத்துக்குள் பார்த்தார், மாத்தயாவைப் பார்த்தார், மறுபடி குடத்தைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாத்தயா தமிழில் எனக்குச் சொன்னார்: "பார்த்தாச்சாம் தானே."

பூசாரி கையை நனைத்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. குடத்தைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்து, ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை விரலால் மெல்லத் தள்ளிவிட்டு, அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி மொண்டார்.

நான் அணைக்கு ஓடினேன். இனிமேல்தான் வேலை. வந்த குஞ்சு எல்லாம் கல்பரப்பில் நிற்கிறது, அதைத் திரும்ப ஆற்றுக்குள் அனுப்ப வேண்டும். அடி மாறியதும் ஒரு சுற்று, கரகம் நடக்கும்போது நிறுத்தம். மறுபடி அடி, மறுபடி ஒரு சுற்று. முக்கால்வாசி இறங்கியிருக்கும்போது தப்பு ஓய்ந்துவிட்டது. காத்திருந்தேன். அடி வரவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று கை அரித்தது, ஆனால் பேசியது பேசியதுதான், சக்கரத்தைத் தொடவில்லை. யாருக்காவது மயக்கமோ, கரகம் சரிந்துவிட்டதோ என்று என்னென்னவோ நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து அடி வந்தது, வழக்கத்தைவிடத் தெம்பாக வந்தது. பிறகு விசாரித்தால், மேட்டு லயத்தில் தப்பு அடிக்கிறவர்களுக்கு மோர் கொடுத்திருக்கிறார்கள். வருடா வருடம் கொடுக்கிறதுதானாம். அணையில் இருந்த எனக்கு அது எப்படித் தெரியும்?

மாத்தயா அவ்வளவு நேரமும் கல்பரப்பில் வெறுங்காலோடு நின்றிருந்தார். குஞ்சுகள் கடைசியாகக் கல்பரப்பை விட்டு இறங்க வேண்டிய நேரம் சரியாக அந்த மோர் நேரம்தானாம். தண்ணீர் அசையாமல் நின்றதால் ஒவ்வொன்றாகத் திரும்பி, வழி கண்டுபிடித்து, மெயின் ஓட்டத்தில் இறங்கிவிட்டன என்றார். "அந்த மோர் ரொம்ப முக்கியம் தானே" என்றார். அடுத்த வருடம் மோர் கொடுக்க மறந்துவிடாதீர்கள் என்று மேட்டு லயத்துக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பின்னாளில் மோட்டர் பூட்டியபோதும் பக்கத்தில் நின்று, அந்த நிறுத்தத்தை அப்படியே போடச் சொன்னார்.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. பரிவட்டத்தை வைத்துக்கொண்டு பூசாரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் நானும் மீனாட்சியும் ஆற்றுக்குப் போனோம். கல்பரப்பு சும்மா கிடந்தது.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் கிஷோர், "அப்ப அத எடுக்கக் கூடாது" என்றான். எடுக்கக் கூடாது, பொறியாளரையும் ஒரு தடவை வெறுங்காலோடு கல்லில் நிற்கச் சொல் என்றேன். நின்றாராம். இந்த வருடம் திருவிழாவுக்கு எனக்குப் போக முடியவில்லை, முழங்கால் விடவில்லை. மறுநாள் காலையில் கிஷோர் போனில் ரெண்டு படம் அனுப்பியிருந்தான். ஒன்றில் கரகப் பாறைக்குக் கீழே வெறும் கல். அடுத்ததில் பீலி, வரிசையாகக் குடங்கள், தண்ணீர் பருமனாக விழுந்துகொண்டிருந்தது.

உடனே அவனைக் கூப்பிட்டேன். "காக்கா எங்கடா?" என்று கேட்டேன்.

"கோயிலுக்குப் பின்னால மாமா. எல்லாம் எலையிலதான் கெடக்குது" என்றான்.